மென்பொருள் அளவீட்டுத் தேர்வில் நீங்கள் தோற்கவில்லை

தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 38. காரைக்குடியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் பல ஆண்டுகள் மென்பொருள் சோதனையிலும் பிசினஸ் அனலிஸ்ட் பணியிலும் இருந்தவர். மாமனார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு குடும்பத்துடன் ஊருக்குத் திரும்பி, வெளியூரில் உள்ள ஒரு நடுத்தர நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருடன் அந்த நிறுவனம் செய்யவிருக்கும் ஒப்பந்தத்தில், கட்டப்படும் மென்பொருளின் அளவை ஃபங்ஷன் பாயிண்டில் (பயன்படுத்துபவருக்கு மென்பொருள் என்னென்ன செய்து தருகிறது என்பதை எண்ணிப் போடும் புள்ளிகளில்) கணக்கிட்டு அதன்படியே பணம் என்று பேச்சு நடக்கிறது. அதற்காக இவரைச் சான்றிதழ்த் தேர்வு எழுதச் சொன்னார்கள். சொந்தச் செலவில் ஒருமுறை எழுதினார். வரையறைப் பகுதியில் 90, நடைமுறைப் பகுதியில் 84, கேஸ் ஸ்டடி பகுதியில் 76, மொத்தம் 83 விழுக்காடு. "தோற்றுவிட்டேன், இனி வீட்டில் இதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது" என்று எழுதுகிறார்.

இப்போது நிறுவனம் மறுதேர்வுக்கான செலவை ஏற்பதாகச் சொல்லி ஒரு பத்திரத்தை நீட்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் வேலையை விடக் கூடாது, விட்டால் 3 லட்சம் ரூபாய் தர வேண்டும், விலகிய பின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனம் எதிலும் அளவீட்டு வேலை பார்க்கக் கூடாது, பட்டத்தின் மூலச் சான்றிதழை அதுவரை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பன அதிலுள்ள நிபந்தனைகள். இதற்கிடையே, "உண்மையான வினாத்தாள்" என்று சொல்லி ஒருவர் பணத்துக்கு விற்க முன்வந்திருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒரு வரி: "எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டு, உன்னிடம் சான்றிதழ் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று மேலாளர் சொல்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மதிப்பெண்ணைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வருத்தம் முழுவதும் ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் எழுதியது இஃப்பக் என்று துறையினர் அழைக்கும், 1986 முதல் இயங்கிவரும் பன்னாட்டு ஃபங்ஷன் பாயிண்ட் பயனர் குழுவின் தேர்வு. அந்த ஒரே தேர்வு இரண்டு தகுதிகளுக்கு வழிவிடுகிறது. மொத்தத்தில் 90 விழுக்காடும் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 80 விழுக்காடும் பெற்றவருக்குச் சிஎஃப்பிஎஸ் எனப்படும் ஸ்பெஷலிஸ்ட் தகுதி. மொத்தத்தில் 80, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 70 பெற்றவருக்குச் சிஎஃப்பிபி எனப்படும் பிராக்டிஷனர் தகுதி. உங்களுடைய 83-ம், மிகக் குறைந்த பகுதியான 76-ம் இரண்டாவது வரம்பைத் தாண்டி நிற்கின்றன. நீங்கள் தேர்ச்சி பெற்றவர். மேலாளர் "ஸ்பெஷலிஸ்ட்" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதால், கைக்கு வந்த தகுதி உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. முடிவு அறிவிப்பை மறுபடி எடுத்துப் படியுங்கள். தகுதிச் சான்று இன்னும் வந்து சேரவில்லை என்றால், அந்தக் குழுவின் அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

அப்படியானால் மறுதேர்வு தேவைதானா என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை உங்கள் மேலாளரிடம் இல்லை, வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கிறது. "சான்றிதழ் பெற்ற ஒருவர் எண்ண வேண்டும்" என்றோ, இஃப்பக் முறைக்கான பன்னாட்டுத் தரத்தைச் சொல்லி "ஐஎஸ்ஓ/ஐஇசி 20926 தரத்தின்படி எண்ண வேண்டும்" என்றோ மட்டும் இருந்தால் உங்கள் இப்போதைய தகுதியைக் கொண்டே பேச இடமிருக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் தகுதியைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால்தான் மறுதேர்வுக்கு அவசரம். அந்த வாசகத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பத்திரத்தைப் பற்றிப் பேச உட்காரும் முன் அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

காஸ்மிக் என்ற வேறொரு அளவீட்டு முறையின் தேர்வு எளிது, அதற்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காஸ்மிக் தனியான, மதிப்புள்ள முறை. ஐஎஸ்ஓ/ஐஇசி 19761 என்ற தரமாக ஏற்கப்பட்டது. தரவு உள்ளே வருவது, வெளியே போவது, படிக்கப்படுவது, எழுதப்படுவது என்ற நான்கு வகை நகர்வுகளை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி என எண்ணுவது அது. ஆனால் வாடிக்கையாளர் இஃப்பக் எண்ணிக்கை கேட்கும்போது காஸ்மிக் சான்றிதழ் உங்கள் கையில் இருந்து பயனில்லை. எளிதா கடினமா என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பது இந்தத் தொழிலில் செல்லாது.

கேஸ் ஸ்டடியில் எங்கே சறுக்கியது

"ஒரு பகுதியில் நான்கு மதிப்பெண்தானே குறைந்தது, அதைச் சரிசெய்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பெஷலிஸ்ட் தகுதிக்கு அது போதாது. கேஸ் ஸ்டடியில் 80-ஐத் தொட்டாலும் மொத்தம் 90 ஆகிவிடாது. மூன்று பகுதிகளுமே மேலே வர வேண்டும். வரையறையில் 50 கேள்விகள், நடைமுறையில் 50, கேஸ் ஸ்டடியில் 10 என்ற அமைப்பில், கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி தவறினாலும் இழப்பு பெரிது.

நீங்கள் இணைத்து அனுப்பிய பயிற்சிக் கணக்கைப் பார்த்தபோது, சறுக்கல் எங்கே என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. காரைக்குடியில் உங்கள் அம்மான் நடத்தும் நகை அடகுக்கடையின் மென்பொருளை எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். மிக நல்ல தேர்வு, தெரிந்த தொழிலில் எண்ணிப் பழகுவதைப் போன்ற பயிற்சி வேறில்லை. அந்த மென்பொருளின் தரவுத்தளத்தில் ஐந்து அட்டவணைகள்: வாடிக்கையாளர், முகவரி, அடகு, அடகு வைத்த நகைகள், மாவட்டக் குறியீடு. ஐந்தையும் ஐந்து ஐஎல்எஃப் (மென்பொருள் தானே வைத்துப் பராமரிக்கும் தரவுத் தொகுதி) என்று கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 7 வீதம் 35 புள்ளி போட்டுவிட்டீர்கள். அது அட்டவணையைப் பார்த்துப் பழகிய சோதனையாளரின் கண். தேர்வு கேட்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மானின் கண்.

அம்மானுக்கு முகவரி என்பது வாடிக்கையாளரை விட்டுத் தனியே நிற்கும் பொருளல்ல. எனவே இரண்டும் சேர்ந்து ஒரே தரவுத் தொகுதி. நீங்கள் காட்டியபடி 14 விவரக் கூறுகள் (பயன்படுத்துபவர் காணும் தனித்தனித் தகவல்கள்), ஆகவே எளிய வகை, 7 புள்ளி. அடகு இல்லாமல் அடகு நகை என்று ஒன்று இல்லை. அடகுச் சீட்டை நீக்கினால் சங்கிலியும் வளையலும் எடையும் மாற்றும் அதோடு போய்விடுகின்றன. ஆகவே அவையும் ஒரே தொகுதி, உள்ளே இரண்டு உட்பிரிவுகள். விவரக் கூறுகள் 24 என்பதால் நடுத்தர வகை, 10 புள்ளி. மாவட்டக் குறியீடு வெறும் குறியீட்டுத் தரவு, அது எண்ணிக்கையிலேயே சேராது. மொத்தம் 17. நீங்கள் எழுதியதில் பாதிக்கும் குறைவு.

அடகுப் பதிவிலும் இதே கதைதான். திரையில் மூன்று தாவல்கள் இருப்பதால் மூன்று ஈஐ (வெளியிலிருந்து தரவை உள்ளே பதியும் செயல்) என்று கொண்டு 9 புள்ளி போட்டிருக்கிறீர்கள். ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகையைப் பதியாமல் நிறுத்தினால் கடையில் எந்த வேலையும் முடிந்ததாகாது. நகை, தொகை, வட்டி எல்லாம் பதிந்து சீட்டு உருவானால்தான் தொழில் ஒரு நிலைக்கு வருகிறது. ஆகவே அது ஒரே அடிப்படைச் செயல். இரண்டு தொகுதிகளைத் தொடுகிறது, விவரக் கூறுகள் 15-ஐத் தாண்டுகின்றன, எனவே கடின வகை, 6 புள்ளி. மாறாக, வட்டி நிலுவைப் பட்டியலை ஈக்யூ (இருக்கும் தரவை அப்படியே எடுத்துக் காட்டும் செயல்) என்று குறைத்துவிட்டீர்கள். அங்கே நாள்கணக்கில் வட்டி கணக்கிட்டுக் காட்டப்படுகிறது. கணக்கீடு இருப்பதால் அது ஈஓ (கணக்கிட்டு வெளியே தரும் செயல்). இங்கே புள்ளி கூடுகிறது. மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் டிராப் டவுன் பட்டியலுக்குப் போட்ட 3 புள்ளியை அடித்துவிடுங்கள், அதுவும் குறியீட்டுத் தரவுதான்.

கவனித்தீர்களா, உங்கள் பிழைகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறீர்கள், பயன்படுத்துபவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதில்லை. ஆலன் ஆல்பிரெக்ட் 1979-இல் ஐபிஎம்மில் இருந்தபடி இந்த முறையை முன்வைத்தபோதே, எந்த மொழியில் எழுதினாலும் எத்தனை வரிகளில் எழுதினாலும் மாறாத ஓர் அளவு வேண்டும் என்பதுதான் நோக்கமாக இருந்தது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டாலே நடைமுறைப் பகுதியின் 84-ம் கூடவே உயரும்.

எப்படிப் படிப்பது என்பதற்கு நீண்ட அட்டவணை எதுவும் தரப்போவதில்லை. வாரம் ஒரு சிறு அமைப்பை எடுங்கள். ஆத்தங்குடி ஓடு ஆர்டர் எடுக்கும் ஒரு கடையின் பதிவேடாகவும் இருக்கலாம், ஒரு மெஸ்ஸின் பில் போடும் மென்பொருளாகவும் இருக்கலாம். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எண்ணும் கையேட்டின் எந்த விதியால் இது வந்தது என்று எழுதுங்கள். விதி எழுத முடியாத எண் ஊகம். ஊகங்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் மீண்டும் படியுங்கள். தேர்வுக்கு மூன்று மணி நேரம்தான் என்பதால், கடைசி மாதத்தில் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள்.

விற்கப்படும் வினாத்தாள்

வாங்காதீர்கள். அது போலியாக இருந்தால் பணம் போச்சு. உண்மையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய தொழில்முறைத் தேர்வுகளில் கேள்விகளை வெளியிடுவதும் முன்கூட்டிப் பெறுவதும் தகுதியையே பறிக்கக் கூடிய குற்றமாகக் கருதப்படும். ஏற்கெனவே நேர்மையாகப் பெற்ற பிராக்டிஷனர் தகுதியையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகிவிடும். அதைவிட முக்கியமாக, ஒப்பந்தம் நடக்கும்போது வாடிக்கையாளரின் ஆள் எதிரே உட்கார்ந்து "இதை ஏன் ஒரே செயலாக எண்ணினீர்கள்" என்று கேட்பார். மனப்பாடம் செய்த விடை அங்கே கைகொடுக்காது.

பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

சான்றிதழ் உங்களுடையது. யார் பணம் கட்டினாலும் அது தனி நபருக்கு வழங்கப்படும் தகுதிதான், நிறுவனத்தின் சொத்தாகாது. "அவர்கள் செலவு செய்தால் சான்றிதழ் அவர்களுடையதாகிவிடுமா" என்ற உங்கள் பயத்துக்கு இடமில்லை. ஆனால், செலவை ஏற்கும் நிறுவனம் அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் பணியில் இருக்கச் சொல்வது சட்டத்துக்கு முற்றிலும் புறம்பானது என்று உங்கள் உறவினர் சொன்னதும் சரியல்ல. ஒரு பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கில், குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனையையும் அதை மீறியவர் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. எனவே "பத்திரம் எல்லாம் செல்லாது" என்று நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

அதே நேரம், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மிகாமல், நியாயமான இழப்பீட்டைத்தான் பெற வழி செய்கிறது. எழுதியது 3 லட்சம் என்பதாலேயே முழுத் தொகையும் தானாக வந்துவிடாது. தேர்வுக் கட்டணம், குழுவின் உறுப்பினர் சந்தா, பயிற்சிச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, அதற்கு நெருக்கமான ஒரு தொகையையும், பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப அது குறைந்துகொண்டே வரும் ஏற்பாட்டையும் எழுத்தில் கேளுங்கள். விலகிய பின் ஓராண்டு போட்டி நிறுவனம் எதிலும் அளவீட்டு வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்னும் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் நிற்காது. ஆனாலும் அதை நீக்கச் சொல்லியே கையெழுத்திடுங்கள், பின்னால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஒப்பந்தம் மீறப்பட்டால் இழப்பீடு கேட்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது, உங்கள் படிப்பைப் பிணையாகப் பிடித்து வைக்கும் உரிமை அதிலிருந்து பிறப்பதில்லை. கல்லூரிகள் மாணவர்களின் சான்றிதழை நிறுத்தி வைத்த வழக்குகளில், அவை விற்பனைப் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்க வேண்டுமானால் மூலத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நான் அளவீட்டுத் துறையைச் சேர்ந்தவன் என்பதால், பத்திரத்தின் இறுதி வடிவத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. அதற்குப் பெரிய செலவாகும் என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கூட்டிக் காட்டச் சொல்லும் மேலாளர்

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது. இந்தத் தேர்வு எதற்காக நடத்தப்படுகிறது? ஒரே மென்பொருளை இருவர் தனித்தனியே எண்ணினால் ஒரே எண் வர வேண்டும், அதற்காகத்தான். செட்டிநாட்டில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மாவில் கடை நடத்திய காலத்தில் மேலாள் (முதலாளியின் முகவர்) எழுதி அனுப்பிய ஐந்தொகையை (வரவுசெலவு, இருப்புக் கணக்கை), கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளி நம்பித் தொழில் செய்தார் என்றால், இருவரும் ஒரே முறையில் கணக்கு எழுதினார்கள் என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். சான்றிதழ் பெற்றவரின் எண்ணிக்கையை வாடிக்கையாளர் கேள்வி கேட்க மாட்டார் என்று மேலாளர் நினைப்பது தவறு. சான்றிதழ் பெற்ற இன்னொருவரை வைத்து மறுபடி எண்ணிப் பார்ப்பது இந்த வகை ஒப்பந்தங்களில் நடக்கக் கூடியதே. அப்போது வேறுபாடு தெரிந்தால், கேள்விக்கு உள்ளாவது எண்ணிக்கைத் தாளில் இருக்கும் உங்கள் பெயர், மேலாளருடையது அல்ல.

ஆனாலும் மேலாளரின் மனக்குறையில் ஒரு நியாயம் இருக்கலாம். செய்யும் வேலை அதிகம், வரும் புள்ளி குறைவு என்று அவர் உணர்ந்திருக்கலாம். அதற்கு விதிக்குள்ளேயே வழிகள் உண்டு. மேம்பாட்டுத் திட்டத்தில் புதிதாகச் சேர்ப்பவற்றோடு, மாற்றப்படும் செயல்பாடுகளும் நீக்கப்படுபவையும் எண்ணிக்கையில் வரும். பழைய பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தரும் செயல்பாடு வாடிக்கையாளர் கேட்டதாக இருந்தால் அதுவும் வரும். பலர் இவற்றை எண்ணாமலே விட்டுவிடுகிறார்கள். வேகம், பயன்பாட்டு எளிமை போன்ற செயல்பாடு சாராத தேவைகளை அளக்க ஸ்னாப் என்ற தனி முறையை இதே குழு வைத்திருக்கிறது. ஒரு புள்ளிக்கு இத்தனை மணி நேரம் என்று எங்கும் பொருந்தும் விகிதம் எதுவும் கிடையாது. உங்கள் நிறுவனத்தின் முந்தைய திட்டங்களிலிருந்துதான் அதைக் கண்டறிய வேண்டும். வேலை கடினமானது என்றால் புள்ளிக்கான விலையைக் கூட்டிப் பேசலாம், புள்ளியைக் கூட்டக் கூடாது.

இந்த வழிகளை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். குறை சொல்வதாக அல்லாமல் வருமானத்துக்கு வழி காட்டுவதாக அது படும், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகும் கூட்டச் சொன்னால், "எந்தச் செயல்பாட்டை, எந்த விதியின்படி சேர்க்க வேண்டும் என்று குறிப்பிட்டால் சேர்க்கிறேன்" என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். உங்கள் சொந்த எண்ணிக்கைத் தாளையும், விதிக் குறிப்புகளையும், தேதியோடு உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் ரகசியத் தகவல் எதுவும் நிறுவனத்துக்கு வெளியே போகாதபடி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தகுதி மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் மறுதேர்வுக்கு இந்த மாதமே ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்த வாசகம் ஸ்பெஷலிஸ்ட் தகுதியைக் கேட்டால், நான்கைந்து மாதம் அவகாசம் கேட்டு, திருத்திய பத்திரத்தில் கையெழுத்திட்டு எழுதுங்கள். கேட்கவில்லை என்றால், பிராக்டிஷனராகவே இந்த ஒப்பந்தத்தின் முதல் எண்ணிக்கையைச் செய்துவிட்டு, அந்த அனுபவத்தோடு அடுத்த ஆண்டு உங்கள் சொந்தச் செலவிலேயே எழுதுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அப்போது பத்திரம் என்ற பேச்சே இருக்காது.